ஒரு காரட் சதுர வைரமா, 90 சென்ட்டா? திருச்சி ஆசிரியைக்கு ஒரு பதில்

திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒரு தாய் எழுதியிருக்கும் நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மகனுக்குத் தை மாதம் நிச்சயதார்த்தம். வரப்போகும் மருமகள், சதுர வடிவ ஒற்றைக்கல் மோதிரம், அதாவது 'பிரின்சஸ் கட்' வைரம் வேண்டும் என்று ஆசையாகக் கேட்டிருக்கிறாள். கையில் மூன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது. மூன்று கடைகளில் விசாரித்ததில், முதல் கடையில் 1.01 காரட், எச் நிறம், எஸ்ஐ1 தூய்மை, கல் மட்டும் 3,85,000 ரூபாய். இரண்டாவது கடையில் 0.90 காரட், ஜி நிறம், விஎஸ்2 தூய்மை, 3,60,000 ரூபாய். இரண்டுக்கும் ஜிஐஏ என்ற அமெரிக்க ரத்தினவியல் நிறுவனத்தின் ஆய்வக அறிக்கை இருக்கிறது. (நிறமற்ற கல்லுக்கு டி; இ, எஃப், ஜி, எச் என்று போகப் போக மஞ்சள் சாயல் கூடும். தூய்மையில் விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ என்ற வரிசையில் குறைகள் கூடும்.) மூன்றாவது, வழக்கமாக நகை எடுக்கும் உள்ளூர்க் கடை. 1.05 காரட், 'விவிஎஸ், இஎஃப்' என்று கடையின் சொந்த அட்டை போட்டு, 95,000 ரூபாய்தான் என்கிறார்கள். கருவியை வைத்துக் காட்டியபோது 'பீப்' என்று சத்தமும் வந்ததாம். 'அப்படியென்றால் முதல் இரண்டு கடைக்காரர்களும் என்னை ஏமாற்றுகிறார்களா?' என்பது அவருடைய முதல் கேள்வி.

முதல் கடைக் கல்லை எடுக்கத்தான் அவருக்கு மனம் இருக்கிறது. 'முழுசாக ஒரு காரட், அறிக்கையில் இரண்டு எக்ஸலண்ட், காரட் கணக்கில் பார்த்தாலும் இதுதான் மலிவு' என்கிறார். குறையும் தொகைக்குத் தன் தாயார் தந்த ஏழுகல் வைரத்தோட்டை அந்தக் கடையிலேயே மாற்றிக்கொள்ளப் பேச்சு நடக்கிறது. 'தோட்டில் மஞ்சள் ஓடுகிறது' என்று சொல்லி 1,40,000 ரூபாய்க்கு மதிப்பிட்டிருக்கிறார்கள். அறிக்கை எதிலும் 'பிரின்சஸ்' என்ற சொல்லே இல்லை என்பதும், முதல் கல்லின் மூலையில் ஒரு குறி இருப்பதால் தோஷம் வருமோ என்பதும் மற்ற கவலைகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

அறிக்கைகளின் படங்களை அனுப்பியது நல்லதாயிற்று. அவை இல்லாவிட்டால் பொதுவாக நாலு வார்த்தை சொல்வதைத் தவிர வேறு எதுவும் செய்திருக்க முடியாது. ஒரு பயத்தை முதலில் போக்கிவிடுகிறேன். அறிக்கையில் 'ஸ்கொயர் மாடிஃபைடு பிரில்லியண்ட்' என்று போட்டிருக்கிறதே, அதுதான் பிரின்சஸ். கடைகளில் வழங்கும் பெயர் ஒன்று, ஆய்வகம் எழுதும் பெயர் இன்னொன்று. அதில் தவறு எதுவும் இல்லை.

தோட்டைக் கொடுக்காதீர்கள். முதல் கடைக் கல்லையும் எடுக்காதீர்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

எடை கூடினால் கல் பெரிதாகத் தெரியுமா?

வைரத்தில் ஒரு காரட் என்பது 0.2 கிராம், அதாவது 100 சென்ட். அது எடை மட்டுமே. விரலில் போட்டுப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிவது கல்லின் மேல்முகத்தின் அகலம். சதுர வைரத்தில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவது மிகச் சாதாரணம்.

உங்கள் அறிக்கைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கல்லின் அளவு 5.38 x 5.34 x 4.22 மில்லிமீட்டர். இரண்டாவது 5.36 x 5.33 x 3.78. முதல் இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அளவுக் கற்கள்தான். மருமகளின் விரலில் எது 1.01 காரட், எது 0.90 என்று நானும் சொல்ல முடியாது, நகைக்கடைக்காரரும் சொல்ல முடியாது. அந்தக் கூடுதல் 11 சென்ட் எங்கே போயிற்று? மூன்றாவது எண்ணில், அதாவது உயரத்தில் போயிற்று. மோதிரத்துக்குள் புதைந்து கிடக்கும் அடிவயிற்றில் அந்த எடை உட்கார்ந்திருக்கிறது.

பட்டை தீட்டுபவர் இதைத் தெரியாமல் செய்வதில்லை. 99 சென்ட்டுக்கும் ஒரு காரட்டுக்கும் இடையில் வைர வியாபாரத்தில் ஒரு பெரிய விலைப்படி இருக்கிறது. அந்தப் படியில் ஏறிவிட்டால் மொத்தக் கல்லுக்கும் காரட் விலை கூடிவிடும். அதனால் அழகாகத் தீட்டினால் 90 சென்ட் வரக்கூடிய கல்லை, அடிப்பாகத்தையும் இடுப்பையும் (கல்லின் மேல்பாதியும் அடிப்பாதியும் சேரும் விளிம்பு) தடிமனாக விட்டு எப்படியாவது ஒரு காரட்டைத் தாண்டவைத்துவிடுகிறார்கள். உங்கள் முதல் அறிக்கையில் இடுப்பு 'திக் டு எக்ஸ்ட்ரீம்லி திக்', அதாவது தடிமன் முதல் மிக மிகத் தடிமன் வரை என்று இருப்பதைப் பாருங்கள்.

ஆழத்தை அகலத்தால் வகுத்து வரும் சதவீதத்தைத்தான் 'டெப்த்' என்று போட்டிருக்கிறார்கள். முதல் கல்லுக்கு அது 79, இரண்டாவதற்கு 70.9. பிரின்சஸ் வைரத்தில் 65 முதல் 75 வரை இருந்தால் நான் மேற்கொண்டு பார்ப்பேன். 75-ஐத் தாண்டினால் தயங்குவேன். 79 என்றால் எடைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி கண்ணுக்கே தெரியாமல் போகிறது என்று பொருள். 'டேபிள்' என்பது மேலே உள்ள தட்டையான பெரிய பட்டையின் அகலம். அதுவும் 65 முதல் 75 சதவீதத்துக்குள், டெப்தைவிடச் சற்றுக் குறைவாக இருப்பது எனக்குப் பிடிக்கும். இரண்டாவது கல்லில் 69. முதல் கல்லில் 76. டேபிள் அவ்வளவு அகலமானால் கல்லின் மேல்பகுதி தட்டையாகிவிடும். வானவில் நிறங்களாகத் தெறிக்கும் ஒளி அந்த மேல்பகுதியின் சரிவிலிருந்துதான் வருகிறது.

'காரட் கணக்கில் முதல் கல் மலிவு' என்று எழுதியிருக்கிறீர்கள். 3,85,000-ஐ 1.01-ஆல் வகுத்தால் சுமார் 3,81,000, 3,60,000-ஐ 0.90-ஆல் வகுத்தால் 4,00,000. கணக்கு சரிதான். ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு சரியில்லை. ஒரே அளவாகத் தெரியும் இரண்டு கற்களில், நிறத்தில் ஒரு படியும் தூய்மையில் ஒரு படியும் மேலான கல் 25,000 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்பதுதான் உங்கள் முன்னால் இருக்கும் உண்மை நிலவரம்.

அந்த இரண்டு 'எக்ஸலண்ட்'

கடைக்காரர் காட்டிய 'எக்ஸலண்ட்' இரண்டும் 'பாலிஷ்', 'சிமெட்ரி' என்ற இரண்டு தலைப்புகளுக்கு எதிரே இருக்கின்றன. முதலாவது, பட்டைகளின் மேற்பரப்பு எவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது என்பது. இரண்டாவது, பட்டைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒழுங்காக அமைந்திருக்கின்றன என்பது. கல் ஒளியை எவ்வளவு நன்றாகத் திருப்பித் தருகிறது என்பதை இவை சொல்வதில்லை. உருண்டை வைரத்துக்கு ஜிஐஏ 2006 முதல் 'கட்' என்று தனி மதிப்பெண்ணே தருகிறது. உங்கள் இரண்டு சதுரக் கற்களின் அறிக்கைகளிலும் அப்படி ஒரு வரி இல்லை, கவனித்தீர்களா? அதனால் உருண்டை வாங்குபவரைவிடச் சதுரம் வாங்குபவர் தன் கண்ணை அதிகம் நம்ப வேண்டியிருக்கிறது.

வைரத்துக்குள் போன ஒளி அடிப்பட்டைகளில் போதிய சாய்வாக மோதினால் உள்ளேயே திரும்பி மேலே வரும். நேராக மோதினால் அடிவழியாக ஒழுகிவிடும். ஒழுகும் இடம் நமக்குக் கண்ணாடித் துண்டுபோல உயிரில்லாமல் தெரியும். பெரியவர்கள் 'நீரோட்டம்' பார்ப்பது என்று சொல்வார்களே, அதில் பாதி இதுதான்.

கடையில் இதைப் பார்க்கும் முறை சொல்கிறேன். நகைக்கடையின் உச்சி விளக்குகளுக்குக் கீழே எந்தக் கல்லும் டாலடிக்கும். அந்த இடத்தில் முடிவெடுக்காதீர்கள். வாசல் பக்கம், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்துக்குக் கல்லைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு முழம் தள்ளிப் பிடித்து, மெதுவாக நான்கு பக்கமும் சாயுங்கள். நல்ல பிரின்சஸில் நடுவிலிருந்து மூலைவரை வெளிச்சமும் நிழலும் மாறி மாறி ஓடும். குறையுள்ளதில் நடுவில் ஒரு கருத்த பெருக்கல் குறி அசையாமல் நிற்கும், அல்லது ஓரங்கள் மங்கித் தண்ணீர்போலத் தெரியும். பிறகு உங்கள் உள்ளங்கையால் விளக்கு வெளிச்சத்தை மறைத்து, நிழலில் பாருங்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் மருமகள் அந்த மோதிரத்தைப் பார்க்கப்போவது பெரும்பாலும் அப்படிப்பட்ட வெளிச்சத்தில்தான். இரண்டு கற்களையும் ஒரே நேரத்தில் அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தால் ஐந்தே நிமிடத்தில் உங்களுக்கே புரிந்துவிடும். வெவ்வேறு கடையில் இருப்பதால் அது நடக்காது என்றால், கைபேசியில் ஒரே மாதிரி வெளிச்சத்தில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். ஜி, எச் இரண்டுமே நல்ல நிறங்கள். ஆனால் சதுரக் கல்லில் மஞ்சள் சாயல் இருந்தால் முதலில் மூலைகளில்தான் தெரியும். பதிக்காத கல்லை வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். மஞ்சள் தங்கத்தில் பதிப்பதென்றால் எச் தாராளமாகப் போதும். வெள்ளைத் தங்கம் அல்லது பிளாட்டினம் என்றால் ஜி நல்லது.

இரண்டாவது கல்லின் அறிக்கையில் 'மீடியம் புளூ' என்று இருப்பது குறை என்று முதல் கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். புற ஊதா ஒளியில் கல் நீலமாக ஒளிரும் தன்மை அது. மிக வலுவாக ஒளிரும் சில கற்கள் வெயிலில் பால் கலந்ததுபோல மங்கும் என்பது உண்மை. நடுத்தர அளவில் அப்படி நேர்வது அரிது. வெயிலில் ஒரு தடவை பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். மங்கவில்லை என்றால் இது உங்களுக்குச் சாதகம். வியாபாரத்தில் இத்தகைய கல்லுக்கு விலை கொஞ்சம் குறைத்துத்தான் பேசுவார்கள். நீங்களும் அதைச் சொல்லிப் பேரம் பேசலாம்.

மூலையில் உள்ள குறி

தோஷம் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கவலைப்படுவதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்களைப் பெயர் சொல்லி ஒதுக்கிய மரபு நம்முடையது. அந்தப் பட்டியலுக்குப் பின்னால் கல் பார்த்துப் பழகிய கண் இருக்கிறது. கல்லுக்குள் ஓடும் கோடு கல்லைப் பலவீனமாக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். குடும்பத்துக்குக் கேடு வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கல்லுக்குக் கேடு வரலாம்.

முதல் அறிக்கையில் உள்ள வரைபடத்தில் கீழ் இடது மூலையை ஒட்டி ஒரு சிறு கோடு காட்டியிருக்கிறார்கள். விளக்கத்தில் அதை 'ஃபெதர்' என்கிறார்கள். கல்லுக்குள் உள்ள மிகச் சிறிய விரிசல் அது. நடுவில் இருந்திருந்தால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டேன். மூலையில் இருப்பதுதான் ஆபத்து. வைரத்தைக் கீறுவது கடினமே தவிர, பிளப்பது கடினமில்லை. படிகத்தின் சில திசைகளில் சரியாக ஓர் அடி விழுந்தால் பிளந்துவிடும். உருண்டைக்கு மூலை கிடையாது. பிரின்சஸுக்கு நான்கு கூர்முனைகள். குழாயடியிலோ கிரைண்டர் ஓரத்திலோ இடிபட்டால் முதலில் அடிவாங்குவது அவைதான். கல்லைப் பதிக்கும்போது பிடியை அழுத்துகிற அந்த நொடியிலேயே மூலை பெயர்ந்துவிடுவதும் உண்டு.

எனவே எந்தச் சதுரக் கல்லை எடுத்தாலும், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸைக் கேட்டு வாங்கி நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெயர்ந்த மூலை வெள்ளையாக, உப்புக்கல் ஒட்டியதுபோலத் தெரியும். இரண்டாவது கல்லுக்கு உள்ள சுருக்க அறிக்கையில் குறைகளின் வரைபடம் இருக்காது. ஆகவே அதற்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். லென்ஸ் கையில் இருக்கும்போதே கல்லின் இடுப்பில் லேசரால் பொறித்திருக்கும் எண்ணைத் தேடிப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். அது அறிக்கை எண்ணுடன் ஒத்துப்போக வேண்டும். அதே எண்ணை ஜிஐஏ இணையதளத்தில் இட்டால் அறிக்கையின் விவரங்கள் வரும். அளவுகள் உட்பட எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள்.

மோதிரம் செய்யும்போது நான்கு மூலைகளிலும் ஆங்கில 'வி' எழுத்துபோல மடிந்து முனையை மூடிக்கொள்ளும் பிடிகள்தான் வேண்டும் என்று கேளுங்கள். முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உருண்டைப் பிடிகள் வேண்டாம். பதிக்கும்போது கல் சேதமானால் யார் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

95,000 ரூபாய்க் கல்

உங்களை ஏமாற்றுவது முதல் இரண்டு கடைக்காரர்கள் அல்லர். பூமியிலிருந்து எடுத்த, ஒரு காரட்டுக்கு மேற்பட்ட, விவிஎஸ் தூய்மையும் இ அல்லது எஃப் நிறமும் கொண்ட பிரின்சஸ் வைரம் 95,000 ரூபாய்க்குக் கிடைக்காது. அது ஆய்வகத்தில் வளர்த்த வைரமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

கருவி 'பீப்' அடித்ததே என்பீர்கள். கடைகளில் வைத்திருக்கும் சாதாரணக் கருவி கல் வெப்பத்தைக் கடத்தும் வேகத்தைப் பார்க்கிறது. அமெரிக்கன் டைமண்ட் என்று சொல்லும் சிர்கோனியாவை அது பிடித்துவிடும். வைரம்போலவே தோன்றும் மோய்சனைட் என்ற வேறொரு கல்லிடம் ஏமாந்துவிடவும் கூடும். ஆய்வகத்தில் வளர்த்த கல்லை வைரம் என்றே காட்டும், ஏனென்றால் அது வைரமேதான். அதே கார்பன், அதே கடினம், அதே ஒளி. லென்ஸை வைத்துக்கொண்டு நானும் அதை நிச்சயமாகப் பிரித்துச் சொல்லமாட்டேன். அதற்கு ஆய்வகக் கருவிகள் வேண்டும்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வாங்குவது தவறென்று நான் சொல்லவில்லை. மகனும் மருமகளும் தெரிந்தே அதை விரும்பினால் நல்ல தேர்வுதான். பெரிய கல் குறைந்த விலையில் கிடைக்கும். ஆனால் அதன் விலை சில ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே வருகிறது, எனவே 95,000 என்பதே அந்த வகைக்கு அதிகமாக இருக்கலாம். தரமான ஆய்வக அறிக்கையுடன் வேறு இரண்டு கடைகளில் அதே அளவைக் கேட்டுப்பாருங்கள். எனக்குக் கோபம் வருவது, அதை என்னவென்று சொல்லாமல் விற்பதில்தான். உங்கள் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இது இயற்கை வைரம் என்று பில்லில் எழுதித் தருவீர்களா?'

விலை நியாயமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தங்கத்துக்குக் காலையில் விலை போடுவதுபோல வைரத்துக்கு ஒரு பொது விலை கிடையாது. வியாபாரிகள் கையில் 1978 முதல் வெளிவரும் ராப்பபோர்ட் பட்டியல் ஒன்று இருக்கிறது. உருண்டைக்கு ஒரு பட்டியல். மற்ற வடிவங்களுக்குப் பேரிக்காய் வடிவத்தை வைத்துப் போட்ட இன்னொன்று. அதுவும் கேட்கும் விலைதான், கைமாறும் விலை அல்ல. பிரின்சஸ் கற்கள் பெரும்பாலும் அதிலிருந்து கணிசமான தள்ளுபடியில்தான் கைமாறுகின்றன. ஆகவே 'பட்டியல் விலையில் 30 சதவீதம் தள்ளுபடி' என்று யாராவது சொன்னால் அதை உங்களுக்குச் செய்த சலுகை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உருண்டையைவிடச் சதுரம் காரட் கணக்கில் மலிவாக இருப்பது தரக்குறைவால் அல்ல. கச்சா வைரம் பெரும்பாலும் இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியதுபோன்ற எண்முக வடிவில் கிடைக்கிறது. அதை நடுவில் அறுத்தால் சதுரம் இயல்பாகவே வந்துவிடும், வீணாவது குறைவு. உருண்டையாக்கினால் பாதிக்கு மேல் தூளாகிப் போகும். அந்த மிச்சத்தின் பலன் உங்களுக்கு வர வேண்டும். அதே எடை, அதே நிறம், அதே தூய்மையில் ஓர் உருண்டைக் கல்லின் விலையையும் கடையில் கேளுங்கள். சதுரம் அதைவிடக் குறையவில்லை என்றால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஒப்பிடும்போது ஒரே ஆய்வகத்தின் அறிக்கை உள்ள கற்களை மட்டும் ஒப்பிடுங்கள். ஓர் ஆய்வகத்தின் ஜி இன்னொன்றின் எச்-ஆக இருக்கலாம். கடையின் சொந்த அட்டைக்கு ஒப்பீட்டில் இடமே இல்லை. எடை, நிறம், தூய்மை, டெப்த், டேபிள், நீல ஒளிர்வு ஆறும் ஏறக்குறைய ஒத்திருக்கும் மூன்று கற்களின் விலையை எழுதி வாங்குங்கள். பத்து சதவீத வித்தியாசம் வரை கடையின் சேவைக்கும் திரும்ப எடுத்துக்கொள்ளும் உறுதிக்கும் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். அதற்கு மேல் போனால் காரணம் கேளுங்கள். கல்லின் விலை, தங்கத்தின் விலை, செய்கூலி, சேதாரம் நான்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். தங்கத்தின் எடையில் கல்லின் எடையைச் சேர்த்துவிடக் கூடாது. மொத்தத்தின் மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி வரும்.

இப்போது என் யோசனை. இரண்டாவது கல் முதல் கல்லைவிட நல்லதுதான், ஆனால் கல்லின் விலையே உங்கள் மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. 0.70 காரட் அளவில், டெப்த் 71-ஐ ஒட்டி, ஜி அல்லது எச் நிறம், விஎஸ்2 தூய்மையில் ஒரு பிரின்சஸ் கேட்டுப்பாருங்கள். அதன் அகலம் சுமார் 4.9 மில்லிமீட்டர் இருக்கும். நீங்கள் பார்த்த இரண்டு கற்களுக்கும் இதற்கும் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் கிடையாது. மெலிந்த விரலில் அது சிறிதாகத் தோன்றாது. சதுரக் கல் மூலைக்கு மூலை நீளமாகத் தெரியும் என்பதும் துணைசெய்யும். எடை குறையக் குறையக் காரட் விலையும் இறங்கும். இறங்காமல் அதே நான்கு லட்சம் என்றே வைத்துக்கொண்டாலும் கல்லுக்கு 2,80,000 ரூபாய்தான். தங்கமும் கூலியும் வரியும் சேர்த்து மூன்றரை லட்சத்துக்குள் முடிப்பது சாத்தியம்.

உங்கள் தாயாரின் தோடு

இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பதற்றமாகவே இருக்கிறது. 'வெயிலில் நீலம் ஓடும்' என்று அம்மா பெருமையாகச் சொல்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர்ப் பழைய தோடுகளில் 'புளூ ஜாகர்' என்று தேடித் தேடி வாங்கிய வெண்மையான கற்கள் இப்படிப்பட்டவை. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டெய்ன் சுரங்கத்தால் வந்த பெயர் அது. அந்த நீலம், இரண்டாவது கல்லில் குறை என்று உங்களிடம் சொன்ன அதே ஒளிர்வுதான். உங்கள் தோட்டில் இருப்பது அத்தகைய கற்கள்தானா என்று பார்க்காமல் சொல்லமாட்டேன். ஆனால் 'மஞ்சள் ஓடுகிறது' என்ற ஒரு வார்த்தையில் முடிக்கக்கூடிய நகை அல்ல அது.

பின்புறம் மூடிய தங்கக் கட்டடத்தில், அதாவது கல்லைப் பதித்திருக்கும் தங்க அமைப்பில், இருக்கும் கல் தங்கத்தின் மஞ்சளையே பிரதிபலிக்கும். பல ஆண்டு எண்ணெயும் சோப்பும் அடியில் படிந்திருக்கும். கல்லைக் கழற்றாமல் சரியான நிறம் சொல்ல முடியாது. விற்பதில்லை என்றாலும் ஒருமுறை சுத்தம் செய்து, எந்தக் கடையோடும் தொடர்பில்லாத மதிப்பீட்டாளரிடம் காட்டி, பதினான்கு கற்களின் அளவையும் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தோட்டை உங்கள் கண்பார்வையை விட்டு உள்ளே எடுத்துச்செல்ல அனுமதிக்காதீர்கள்.

வைரம் ஒரு முதலீடு என்று கடையில் சொன்னதை நம்பி நீங்கள் மனதைத் தேற்றிக்கொள்வதும் கடிதத்தில் தெரிகிறது. திரும்ப விற்கும்போது புதுக் கல்லுக்குக் கொடுத்த பணம் அப்படியே வராது. எவ்வளவு திரும்பத் தருவார்கள், பணமாகவா, மாற்று நகையாகவா என்பதைக் கடையின் வாய்ச்சொல்லாக விடாமல் பில்லில் எழுதி வாங்குங்கள். ஓய்வுக்காலச் சேமிப்பின் ஒரு பகுதி என்று இந்த மோதிரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பில்லும் உங்கள் உரிமையும்

மோதிரத்தின் உட்புறத்தில் ஹால்மார்க் முத்திரையும், அந்த நகைக்கே உரிய எச்யுஐடி என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அதைச் சரிபார்க்கலாம். 18 காரட் தங்கம் என்றால் 750 என்று இருக்கும். ஹால்மார்க் இருந்தால் வைரமும் அசல்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஹால்மார்க் தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது. கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. கல்லுக்கு ஆய்வக அறிக்கையும் பில்லும்தான் சாட்சி. 'இயற்கை வைரம்' என்ற சொல், காரட் எடை, நிறம், தூய்மை, அறிக்கை எண், தங்கத்தின் நிகர எடை ஆகியவை பில்லில் இல்லாமல் பணம் கட்டாதீர்கள்.

சொன்னதற்கும் தந்ததற்கும் வேறுபாடு தெரிந்தால் முதலில் கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பலன் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். திருச்சியிலிருந்தே எல்லாவற்றையும் செய்துவிடலாம்.

முன்பணம் எதுவும் கொடுக்கவில்லை என்று எழுதியிருப்பது நிம்மதி. இந்தச் சனிக்கிழமை இரண்டாவது கடைக்குப் போய் 70 முதல் 75 சென்ட் வரையிலான பிரின்சஸ் கற்களைப் பதிக்காமல் காட்டச் சொல்லுங்கள். மருமகளையும் உடன் அழைத்துப் போங்கள். எந்தக் கல் அவள் கண்ணில் நிற்கிறது என்பதை அவளே சொல்லட்டும். பிடித்த கல்லின் அறிக்கையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பணம் கட்டும் முன் பார்த்துச் சொல்கிறேன்.